வயதானவர்களுக்கு வீடில்லை என்றார்கள், தாயார் கொடுத்தார்

எடமலைப்பட்டி புதூரில் பதினோரு வீடு. மன்னார்புரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஸ்ரீரங்கத்தில் மூன்று மாடிக் கட்டிடம் இரண்டு. எல்லாம் நான் கட்டியது. மூன்றாம் வகுப்போடு சித்தாளாக வந்தவன் முப்பது வயதில் மேஸ்திரி ஆனேன். பிளான் பார்க்க ஒருத்தர் சொல்லித் தரவில்லை. நான் எழுப்பிய சுவரில் இதுவரை விரிசல் விழுந்ததில்லை. இரண்டு பெண்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன். எனக்கென்று கட்டவில்லை.

போன மாசியில், இருபது வருடமாக வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். சித்திரைக்குள் காலி செய்ய வேண்டும். என் மனைவி சரோஜாவுக்கு முட்டி தேய்மானம், மாடி ஏற முடியாது. கீழ் வீடாக வேண்டும், வாடகை ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது. பெண்கள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அலைந்தேன். என்ன ஆள், கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். அதையெல்லாம் தாண்டினால் வயது. உறையூரில் ஒருவர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, சரோஜா சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க பெரியவரே. ஆகாத நட்சத்திரத்துல ஒண்ணு ஆயிடுச்சுன்னா ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போடணும். வாடகைய நம்பித்தான் நாங்க இருக்கோம்."

"நாங்க குடியிருக்க வந்திருக்கோம்ங்க. சாக வரல."

"அது நம்ம கையிலயா இருக்கு?"

கோபத்தில் அவர் சுவரைத் தட்டிக் காட்டினேன். "ஓதம் ஏறியிருக்கு. எனக்கு முன்னாடி இது போயிடும்."

பஸ்ஸில் சரோஜா விடவில்லை. "வீடு கேக்கப் போனீங்களா, குத்தம் சொல்லப் போனீங்களா? இப்படிப் பேசியே நாலு வீடு போச்சு."

அது உண்மைதான். சுவரில் ஓதம் இருந்ததும் உண்மை.

சித்திரை முடியப் பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் சரோஜாவோடு தாயார் சந்நிதி வரிசையில் நின்றேன். எனக்கு சுலோகம் தெரியாது. சண்டை போடத் தெரியும். "தாயே, ஊருக்கெல்லாம் கட்டினேன். சாகற வயசுன்னு எனக்கு ஒருத்தனும் கதவத் திறக்க மாட்டேங்கறான். இவ நடமாட ஒரு கீழ் வீடு குடு" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கண் நிறைந்துவிட்டது.

முன்னால் நின்ற அம்மாள் திரும்பினார். "ஐயா, சாவு விழுந்த வீடுன்னா பரவாயில்லைங்களா?"

அவர் மாமியார் அப்படி ஒரு நட்சத்திரத்தில்தான் இறந்தாராம். ஆறு மாதம் பூட்டி, சாந்தி செய்து திறந்தும், அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்கள் யாரும் குடிவரவில்லை. கீழ் வீடு. மழைக்கு ஒழுகும். நாலாயிரம் போதும் என்றார்.

சரோஜா கேட்டாள், "அந்தம்மாவுக்கு என்ன வயசுங்க?"

"எண்பத்தாறு."

"அப்ப நல்ல வீடுதான்."

அந்த வாரமே பால் காய்ச்சினோம். இப்போது சரோஜா யாரையும் பிடிக்காமல் வாசல் வரை வந்து கோலம் போடுகிறாள். நானும் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கிறேன். வீடில்லாமல் அலைகிறவர்களே, தாயாரிடம் போங்கள். மனதுக்குள் வேண்டாதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள்.

இந்தத் தெரு பஜனைக்கு வருகிறவர்கள் இதைத் தாயார் கொடுத்த வீடு என்கிறார்கள். சத்தியம். ஆனால் அறுபத்தொன்பது வயதில் மொட்டை மாடி ஏறி, தளத்துத் தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, ஒழுகலை நிறுத்தியவன் நான். தாயார் கொத்துக்கரண்டி பிடிக்கவில்லை. அடுத்த முறை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.