புள்ளியை நகர்த்திய அங்கமுத்து

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், தோணிரேவு குப்பத்து அங்கமுத்து மீன்பிடித்த நேரம் போக, கோட்டையின் நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடித்தான். அங்கே ஒரு பெருக்கல் முறையைக் கற்றுக்கொண்டான். முழக்கோலைப் பத்தாகப் பிரித்து அளப்பது, மிச்சத்தைப் புள்ளிக்குப் பின்னால் எழுதுவது, பெருக்கும்போது புள்ளியை மறந்துவிடுவது. இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின்னால் மொத்தம் எத்தனை இலக்கமோ, விடையிலும் அத்தனை இலக்கம் விட்டுப் புள்ளி வைப்பது. அதன்பின் தோணி, வலை, கருவாடு காயும் திட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கினான். ஊரில் யாரும் அவனிடம் நிம்மதியாகப் பேச முடியவில்லை.

அந்த வருஷம் ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. இறால் வரவில்லை. மணலை அள்ள ஆள் சேரவில்லை; காரணம் கண்டுபிடிக்க ஊரே சேர்ந்தது. மனை பார்க்கும் திருவேங்கடம் இருசம்மாளின் குடிசையில் கோலை வைத்தார். அவள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள், கைம்பெண், கேள்வி கேட்க நாதியில்லாதவள். ஊர்க் குற்றத்தைக் குடிவைக்க இதைவிடத் தோதான வீடு ஏது?

நீளம் பத்து முழம், அகலம் எட்டு, பெருக்கினால் எண்பது. எட்டால் வகுத்தால் மிச்சமில்லை. மனையடி சாஸ்திரத்தில் மிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி; மிச்சமில்லாதது காக்கை மனை. காக்கை மனை இருக்கும் ஊருக்கு லட்சுமி வரமாட்டாள், ஆகவே இறாலும் வராது. குடிசையைப் பிரிக்கச் சொன்னார்கள்.

அங்கமுத்து முகத்துவாரத்து மணலைக் காட்டினான். எட்டால் வகுத்து இறால் பிடிக்கலாம் என்றால் வலை எதற்கு என்று கேட்டான். சாமி விஷயத்தில் வாயை விடாதே என்றார்கள். சரி, இந்த ஊருக்கு நியாயம் எடுபடாது, கணக்குத்தான் எடுபடும் என்று முடிவுசெய்து, திருவேங்கடம் விழுங்கிய பின்னங்களையும் சேர்த்து அளந்தான். 10.2, 8.7. மணலில் உட்கார்ந்து நூற்றிரண்டை எண்பத்தேழால் பெருக்கினான். 8874. இரண்டு இலக்கம் விட்டுப் புள்ளி வைத்தால் 88.74. எண்பத்தெட்டை எட்டால் வகுத்தால் மிச்சமில்லை. துல்லியமான கணக்கிலும் காக்கைதான் நின்றது.

இருசம்மாள் வாசலில் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கமுத்து புள்ளியை அழித்து, ஓர் இலக்கம் தள்ளி வைத்தான். 887.4.

"எண்ணூத்தி எண்பத்தேழு. எட்டால வகுத்தா மிச்சம் ஏழு. ஏழுன்னா இன்னா சாமி?"

"யானை," என்றார் திருவேங்கடம், வேறு வழியில்லாமல்.

குடிசை தப்பியது. கணக்கில் அது ஊர்க் கோயிலைவிடப் பெரிதாகிவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மழை வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்தது. இறால் வந்தது. வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. யானை மனைக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். பிறகு திருவேங்கடத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது: இத்தனை ராசியான மனையில் கைம்பெண் குடியிருக்கலாமா? கூடாது என்றது ஊர். அம்மனுக்கு அங்கே கோயில் கட்டுவதென்று மேளதாளத்தோடு குடிசையைப் பிரித்தார்கள்.

அங்கமுத்து புள்ளியை நகர்த்திய கதையை இருசம்மாளிடம் சொன்னான். அவள் பானையைத் தலைக்கு ஏற்றினாள்.

"நீ எங்க புள்ளி வச்சாலும் நான் வெளியதான் நைனா. கழியத் தூக்கு."

ஊருக்கு வெளியே, சேறு காயாத மேட்டில், அவளுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தான். முழக்கோலை எடுக்கவேயில்லை.