எழுத்தைப் பார்க்க மறுத்த ஜெயசீலி

சென்ற திங்கட்கிழமை, நான் இப்போது வேலை பார்க்கும் மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜெயசீலியின் தங்கை போன் செய்தாள். "அக்கா போயிட்டா, வள்ளி" என்றாள். ஜெயசீலியைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்களும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் ஜெயசீலியும் நானும்தான் வேலை பார்த்தோம். ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டர், அதோடு கேபிளில் இணைத்து மில் முழுக்க எட்டு டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும். திடீர் திடீரென்று அத்தனையும் உறைந்து நின்றுவிடும். காரணம் கண்டுபிடிக்க, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே ஜெயசீலி ஒரு நிரலைச் சேர்த்தாள். யார் எந்த விசையைத் தட்டினாலும் பதிவாகிவிடும்.

முதல் பதிவை அச்செடுத்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. எல்லோருடைய பாஸ்வேர்டும் அப்படியே கிடந்தது. கிளார்க் குருசாமி அண்ணாச்சி தொழிற்சாலை ஆய்வாளருக்கு அடித்திருந்த கடிதமும் கிடந்தது. பஞ்சுத் தூசியால் இருமிச் சாகிறவர்களைப் பற்றிய புகார் அது.

"கிழிச்சுப் போட்டுரு ஏட்டி. இது நாம பாக்கக் கூடாதது" என்று சொல்லிவிட்டு நிரலை நிறுத்தப் போனாள். நான் கிழிக்கவில்லை. மேனேஜர் அறிக்கை கேட்டபோது, எங்கள் உழைப்பைக் காட்டும் ஆசையில் முழுத் தாளையும் நீட்டினேன். மறுநாள் அண்ணாச்சியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

ஜெயசீலி என்னைத் திட்டவில்லை. "நீ குடுத்த. ஆனா அத எழுதுனது நாந்தான" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேனேஜர் ருசி கண்டுவிட்டார். "அது எப்பவும் ஓடட்டும்மா. அத நிறுத்திட்டா, மிஷின் ஏன் நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"எந்த டெர்மினல், எப்ப, எத்தன எழுத்து. அம்புட்டு போதும் சார். என்ன எழுத்துன்னு எனக்கு எதுக்கு?"

அன்றைக்கே அப்படி மாற்றி எழுதினாள். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. புதிய பதிவில் வெறும் எண்கள்தான். ஆளே உட்காராத கோடவுன் டெர்மினலிலிருந்து நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுத்துகள் வந்து கொட்டியிருந்தன. ஓடிப்போய்ப் பார்த்தோம். கேபிளின் தோல் உரிந்து கிடந்தது; அதில் வந்த மின் இரைச்சலைத்தான் கம்ப்யூட்டர் எழுத்தென்று வாங்கித் திணறியிருக்கிறது. மாற்றினோம். பிறகு கம்ப்யூட்டர் நிற்கவேயில்லை.

அப்படியும் பழைய நிரல்தான் வேண்டும் என்றார் மேனேஜர். "முடியாது சார். வேணும்னா உத்தரவ எழுதிக் குடுங்க" என்றாள். அவர் கொடுக்கவில்லை. மில் விஷயத்தை வெளியே விட்டதாக அண்ணாச்சி மீது நடந்த விசாரணைக்கு, யாரும் கூப்பிடாமலே போய் நின்றாள். "அந்தக் கடுதாசிய அவிய யாருக்கும் காட்டல. என் புரோகிராம்தான் திருடுச்சு. விசாரிக்கணும்னா என்னைய விசாரிங்க."

அண்ணாச்சி வேலைக்குத் திரும்பினார். ஜெயசீலியை நிறுத்திவிட்டார்கள். பழைய நிரலையும் அதன் டேப் பிரதியையும் அழித்துவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை அறை பிடித்துக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தாள். ஒருநாளும் வருந்தவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, யார் என்ன தட்டுகிறார்கள் என்று பார்க்க வழி செய்து தரும்படி என் முதலாளி கேட்டார்.

"முடியாது சார்" என்றேன். நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.