மழைக்கு முன்பே வந்த கதவு

எங்கள் ஊர் அரண்மனையை இடித்தது நீங்கள்தான், மில் முதலாளி. மழையில் விழுந்தது என்பது பொய். ஜமீனிடமிருந்து அதை வாங்கிய புகையிலை வியாபாரிகூட முன்கூடத்தில் பள்ளிக்கூடம் நடக்க விட்டார். உங்கள் கைக்கு வந்தபின் கட்டடமே இல்லை. பிள்ளைகள் இன்று வெயிலில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

போன மாதம் தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு மாட்டுவண்டியில் வந்தேன். வண்டிக்காரர் ஒடிசலான ஆள், ஒரு காது கிழிந்திருந்தது. உங்கள் பங்களா வந்ததும், பெரிய மரக்கதவு போட்ட வாசலை மறித்து வண்டியை நிறுத்தினார். மாடுகள் சாவகாசமாகச் சாணி போட்டன. காவலாளி ஓடி வந்தார்.

"யோவ், தெனமும் ஒனக்கு இதே எடந்தானா?"

"மாட்டுக்குத் தெரியுதப்பு, இது அரமணக் கதவுன்னு. அதுகதான இழுத்துட்டு வந்துச்சுக."

"மழையில இடிஞ்சு மிஞ்சுன கதவுய்யா அது."

"மழையா? நான் ஏத்திட்டு வாரப்ப ரோட்டுப் புழுதி கண்ணத் தொறக்க விடல. கதவு, சன்னலு, உத்தரம் அம்புட்டையும் உருவுன பெறகுதான் மழையே வந்துச்சு. ஒங்க மொதலாளியக் கேளு."

உங்கள் வாசலிலேயே நின்று அதைச் சொல்ல அந்த வண்டிக்காரருக்கு இருந்த தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. எனக்கும்தான்.

இப்போது கேட்கிறேன். மழைக்கு முன்பே அந்தக் கதவு உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? சந்தை நாளில், ஊர் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.