கையளவு ஏலக்காயும் காலியாக வந்த ரிக்வெஸ்டும்

ஏலக்காய் ஏலத்துக்காக நாங்கள் செய்த மொபைல் ஆப் வெளியான முதல் நாளே போன் வந்தது. போடிமெட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சரோஜா அக்கா.

"ஏத்தா, சரக்கு பதிவாயிருச்சுன்னு செல்லுல வந்துச்சே! பட்டியல்ல என் பேரே இல்லங்கிறாக. மதியத்தோட மூடிருவாகளாம். அடுத்த ஏலம் வரைக்கும் காய் பச்ச நிக்குமா? வெளுத்துருச்சுன்னா எவன் வாங்குவான்?"

"மூடுறதுக்குள்ள ஏத்திருவோம்க்கா" என்றேன். பிழை எங்கே என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் தேனியில் உட்கார்ந்து இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான். பயம் வரவில்லை.

சர்வர் லாகைத் திறந்தேன். அக்காவின் போன் எண்ணிலிருந்து ரிக்வெஸ்ட் வந்திருந்தது. பெயர் காலி, எடை காலி. அன்று வந்த மற்ற பதிவுகளும் அப்படியே; ஆனால் ஒவ்வொன்றும் படம் ஒட்டியதுபோல் அளவில் பெரிது. ஆப் அனுப்புவதை வாங்கிப் பதியும் எங்கள் ஏபிஐ அத்தனையையும் வாங்கிக்கொண்டு 200 ஓகே, அதாவது எல்லாம் சரி என்று பதில் அனுப்பியிருந்தது. எரிச்சலாக வந்தது.

ஆப் எழுதிய முருகேசன் சென்னையிலிருந்து வேலை பார்ப்பவர். அவரை அழைத்தேன்.

"டெஸ்ட்ல எல்லாம் சரியா போச்சே மேடம்."

"போட்டோ வச்சு டெஸ்ட் பண்ணீங்களா?"

"அது ஆப்ஷனல்தானே மேடம், யார் போடப் போறாங்க?"

சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் காயை உள்ளங்கையில் அள்ளிக் காட்டாமல் யாரும் விலை பேசுவதில்லை. படம் போட இடம் இருந்தால் ஒருவர் விடாமல் போடுவார்கள். போட்டிருந்தார்கள்.

படம் இல்லையென்றால் ஆப் விவரங்களை ஜேசான் என்ற வடிவில் அனுப்பும். படம் சேர்ந்தால் ஃபார்ம் டேட்டா என்ற வேறொரு வடிவில் அனுப்பும். எங்கள் சர்வருக்கு ஜேசான் மட்டுமே படிக்கத் தெரியும். எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரைப் பார்த்து இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வைத்தேன். ஃபார்ம் டேட்டாவில் எடைகூட எழுத்தாகத்தான் வரும், அதை எண்ணாக மாற்றினேன். முக்கியமான விவரம் காலியாக வந்தால் 400, அதாவது பதிவு தவறு என்று திருப்பி அனுப்பச் செய்தேன்.

எல்லோரையும் மறுபடி பதியச் சொல்லி ஆபீஸே போனும் கையுமாக உட்கார்ந்தது. பட்டியல் மூடும் முன் சரோஜா அக்காவின் பெயர் ஏறியது. கூடவே, காய்ப்பேறிய உள்ளங்கை நிறையப் பச்சைக் காய்.

"ஏறிருச்சுத்தா! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

புதிதாக ஏபிஐ எழுத வருபவர்களுக்குச் சொல்வேன்: வந்தது என்னவென்று பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் படத்தை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் கோடில் எதை மாற்றினாலும், முதல் டெஸ்டில் போவது அந்தக் கைதான்.