வளரும் கல்

எழுபதுகளின் கடைசியில், நெல்லிவாசல் பக்கம் மலைச்சரிவில் இருந்த எங்கள் சாமை நிலத்தின் நடுவே ஒரு கல் வளர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா சிறுவனாக இருந்தபோது அது கணுக்கால் உயரம்தானாம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் அவர் முழங்காலைத் தொட்டது. கல் வளர வளர விளைச்சல் குறைந்தது. அதற்கும் பெரியப்பாவிடம் பதில் இருந்தது.

"அம்மன் எழும்பிக்கினு வர்றா. முழுசா எழுந்தப்புறம் பாரு, சாமை கொட்டும்."

வருஷத்துக்கு ஒரு சேவலைக் கல்லுக்கு அறுப்பார்கள். அந்த வருஷம் முறை நான் வளர்த்த சேவலுக்கு வந்தது. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

மழைக்கு முன்பு, கல் மண்ணைத் தொடும் இடத்தில் அரிவாள் முனையால் ஒரு கோடு கீறி, உச்சியிலிருந்து கோடுவரை கயிறு வைத்து அளந்தேன். மழை ஓய்ந்தபோது கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குப் புதிதாகக் கல் தெரிந்தது.

"பாத்தியா, வளந்துகீது" என்றார் பெரியப்பா.

"கோட்டுக்கு மேல அளவு மாறல பெரிப்பா."

"அடியிலேர்ந்து எழும்புதுடி."

சில நாள் கல்லையும் பெரியப்பாவையும் என்னையுமே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் நிலத்து ஓரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது, என் பாதம் வேருக்கு அடியில் நுழைந்தது. போன வருஷம் நுழையாத இடம். வேலிக்காலைப் போய்ப் பார்த்தேன். அதன் அடியும் வெளியே வந்திருந்தது. மரமும் வேலியுமா எழும்பும்?

அடுத்த மழையில் நனைந்தபடி கல்லருகே நின்றேன். செந்தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடைக்குப் போனது. கல் அசையவே இல்லை, போனதெல்லாம் மண். சிரிப்பு தானாக வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன், அப்படி ஒரு சந்தோஷம் அரிதாகத்தான் வாய்த்தது.

வீட்டுக்கு ஓடினேன். "அப்பா, கல்லு வளரல. நெலந்தான் எறங்குது. வேரை வந்து பாருப்பா."

அப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். வேருக்கு அடியில் காலை விட்டுப் பார்த்தார். கட்டைவிரலால் மண்ணைக் கிளறினார். மேலாக இருந்த கொஞ்சம் மண்ணுக்குக் கீழே வெறும் சரளை. என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேவலைப் பெரியப்பா விடவில்லை, அறுத்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையிலிருந்து அப்பா சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கத் தொடங்கினார்.

"அம்மனுக்கே அணை போடுறியா?" என்று கேட்ட பெரியப்பா, ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் சின்னக் கற்களாகப் பொறுக்கிக் கொடுத்தேன். பெரியப்பாவை ஜெயித்துவிட்ட பெருமையில் கால் தரையில் பாவவில்லை. அப்பா மட்டும் வேலையை அடிக்கடி நிறுத்திவிட்டு, கீழே சிவந்து ஓடும் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.