பெரியவளின் குரல்

மூடுபனி வகுப்பறைக்குள் வருவதை எங்கள் பள்ளியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் கரண்டும் இல்லை. கையில் விரித்த புத்தகமே கண்ணுக்குத் தெரியாமல் போக, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. அணிலும் கொய்யாப்பழமும் பாடத்தை அது நிதானமாகப் படித்துக்கொண்டே போயிற்று. ‘ச’ வரும் இடத்திலெல்லாம் லேசாக ஒரு விசில். அந்த விசில், முன்பல் பாதி உடைந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணுடையது. அவள் மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

பனி விலகியதும் பார்த்தேன். படித்தது அவளுடைய தங்கை, இரண்டாம் வகுப்பு. அவளுக்குப் பல் முழுசாகவே இருந்தது.

மலையில் கொட்டச்சேடு என்கிற ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அம்மா எஸ்டேட் வேலை முடிந்து வரும்வரை அக்காதான் தங்கைக்குப் படித்துக் காட்டுவாள். எல்லாப் பிள்ளையும் எழுத்துக்கூட்டித் திணறும்போது சின்னவள் மட்டும் தண்ணீராய்ப் படிக்கிறாளே என்று நானும் மெச்சிக்கொண்டிருந்தேன். இப்போது அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லைப் பலகையில் எழுதிக் கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். எழுத்தறியாமலே புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள், அக்காவின் மூச்சு, இழுப்பு, விசில் எல்லாம் சேர்த்து.

ஒரு பொடிசு என்னை ஏமாற்றிவிட்டதே என்று முதலில் கோபம்தான் வந்தது. மறுநாளே மணலைப் பரப்பி ‘அ’விலிருந்து ஆரம்பித்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“கண்ணைத் தொற சாமி. பாத்துப் படி.”

“எழுத்தப் பாத்தா அக்கா வர மாட்டீங்குதுங்க டீச்சர்.”

அந்த வாரமே அவளுடைய அம்மா வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், சின்னவளுக்கு எழுத்து சொல்லித் தர வேண்டாமுங்க.”

படிக்க வையுங்கள் என்று கெஞ்சும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தி கேட்டதில்லை.

“பெரியவ போட்டோ ஒண்ணு போன்ல இருக்குதுங்க. கொரல் இல்லீங்க. பொழுதோட வெளக்கு வெச்சதும் இவ புஸ்தகத்த எடுத்துட்டு உக்காந்தான்னா, பெரியவ ஊட்டுலயே இருக்கற மாதிரி இருக்குதுங்க. நானு அடுப்புக்கிட்ட, திரும்பிப் பாக்காம கேட்டுக்கிட்டு இருப்பனுங்க.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அதுக்காவ சின்னவ தற்குறியா நிக்கோணுங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

என் மேல் தப்பில்லை. இன்றைக்கு இப்படி ஒரு பிள்ளை வந்தாலும் அதையேதான் செய்வேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தானே நான் டீச்சர்? ஆனால் பனி உள்ளே வருகிற நாளில் இப்போதெல்லாம் யாரையும் சத்தமாகப் படிக்கச் சொல்வதில்லை.

ஒவ்வோர் எழுத்தாகப் பிடிபடப் பிடிபட, அணில் பாடத்தில் சின்னவள் திக்க ஆரம்பித்தாள். தெரிந்த எழுத்து வந்தால் கண் அங்கேயே நின்றுவிடும், அக்காவின் ஓட்டம் அறுந்துவிடும். ‘ச’ சொல்லித்தர வேண்டிய நாளை நானே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். பயமாக இருந்தது. கடைசியில் சொல்லித்தந்தேன். விசில் இல்லாமல் சுத்தமாகச் சொன்னாள். கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டினேன்.

பிறகு அக்கா பார்த்தேயிராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்தாள். கரகரவென்று ஒரு குட்டிக் குரல். அவளுக்கென்று ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளுடைய அம்மா நின்றிருந்தாள். வேலை நாள் அது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“நல்லாப் படிக்கறாளுங்க டீச்சர்,” என்றாள். “நேத்துப் பொழுதோட அந்தப் புதுப் புஸ்தகத்தப் படிச்சாளுங்க. அப்பறம் அணில் கதையப் படிக்கச் சொன்னனுங்க. அதையும் அவ கொரல்லயேதான் படிச்சா.”

பிறகு, சாவுச் சேதி கொண்டுவந்தவர்கள் சொல்வதுபோல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“பெரியவ போயிட்டாளுங்க.”