ஆறு பெட்டிக்கும் பொட்டு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மரவேலை வந்தது. எனக்கு மட்டும் ஆணி வளைந்தது. "இவன் அடிச்சா ஆணியே வெக்கப்பட்டுக் குனியுது" என்பார் அண்ணன். அதனால்தான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனேன். படித்து வந்த தொழில் இல்லை. பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து முழித்து வந்த தொழில்.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய ஆறு கம்ப்யூட்டர்கள் ஒரு நாள் கடைக்கு வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஆறும் சீக்காளிகள். ஆறையும் வயரால் கோத்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யவைத்தால் என்ன? க்ளஸ்டர் என்பார்கள். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன்.

ஆசைக்குக் காரணமும் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். கண்மாய்த் தண்ணீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று முனைவர் பட்ட ஆய்வு. அவள் மடிக்கணினியில் அந்தக் கணக்கு முடிய மூன்று வாரமாகும். ஒரு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவையும் ஆய்வுக் குழுவிடம் முடிவைக் காட்டவில்லை என்றால் பதிவே ரத்து.

கடையில் இடமில்லை. வீட்டை ஒட்டிய அண்ணனின் பட்டறையில் ஒரு மூலை கேட்டேன்.

"தச்சுப் பட்டறையில பொட்டிக்கு என்னடா வேலை?"

"இதுவும் தொழில் ஆயுதந்தாண்ணே. ஒங்களுக்கு உளி, எனக்கு இது."

அந்த வார்த்தையில் மனுஷன் குளிர்ந்துபோனார். தேக்குத் துண்டுகளில் ஆறு தட்டு வைத்து அவரே அலமாரி அடித்துக் கொடுத்தார். மரத்தூள் விழாமல் கொசுவலை கட்டினேன்.

முதல் ஓட்டத்தில், ஆறும் சேர்ந்து ஒன்றைவிட மெதுவாக ஓடின. ஒன்றோடொன்று பேசியே பொழுதைக் கழித்தன. "ஆறு மாட்டைப் பூட்டுனா ஏர் பறக்கும்னு யாருடா சொன்னா? ஆறும் ஆறு பக்கம் பாத்துல்ல நிக்குது" என்றார் அண்ணன். வேலையைப் பிரிக்கும் விதத்தை மாற்றியதும் சரியானது. எனக்கு அதுவும் போதவில்லை. மணிக்கொரு முறை, அதுவரை முடிந்த கணக்கை டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லியிருந்தாள் மனைவி. அந்த நேரமெல்லாம் ஆறும் கைகட்டி நின்றன. சேமிக்கச் சொல்லும் அந்த வரியை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. "நாலே நாள்ல முடிஞ்சிரும்" என்று மட்டும் மார் தட்டினேன். ஆய்வுக் குழு கூட ஆறு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. பொரி, கடலை, கொய்யாப்பழத்தோடு சாயங்காலம் பட்டறைக்குள் நுழைகிறேன். ஒரு சத்தமும் இல்லை. உளியும் இழைப்புளியும் வாளும் கழுவி வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் என் ஆறு பெட்டிகள், ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமத்தோடு, மாப்பிள்ளைக் கோலத்தில். பட்டறை மெயின் சுவிட்சை அண்ணன் அணைத்திருந்தார்.

"அண்ணே, என்னண்ணே பண்ணிட்டீக!"

"ஆயுதத்தை இன்னைக்கி எவன்டா வேலை வாங்குவான்? மூணு நாளா மூச்சு விடாமக் கத்துதுக. பாவம்டா."

"வீட்டுல பிரிட்ஜு மட்டும் ஓடுதே?"

"பிரிட்ஜு என்ன ஆயுதமா? இதைத்தானடா நீ ஆயுதம்னு சொன்ன?"

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். பொட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப சேமிச்சுச்சு?"

நான் கொய்யாப்பழத்தை எண்ணினேன்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

சொன்னேன்.

"அத்தான் மேல தப்பே இல்லை. அவுகளாச்சும் நல்ல நாள் பாத்து அணைச்சாக. நீங்க நாள்கூடப் பாக்காமக் கெடுத்திருக்கீக."

சேமிக்காத மூன்று நாள் கணக்கும் அழிந்துபோனது புரிந்ததும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இப்பவே போட்டுக்கம்மா. சாமி ஒண்ணுஞ் சொல்லாது."

"வேணாம் அத்தான். இதே கணக்குக்கு நாலு நாள் வேணும், இருக்குறது மூணரை. கணக்கையே சின்னதாக்கணும். நாளைக்குக் காலையில நீங்களே தொட்டு ஆரம்பிங்க."

கண்மாய் மண்ணைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போட்டிருந்தாள். கட்டத்தைப் பெரிதாக்கினால் சீக்கிரம் முடியும். முடிவு கொஞ்சம் மொட்டையாக வரும். வேறு வழியில்லை.

விஜயதசமி காலையில் அண்ணன் குளித்து, திருநீறு பூசி, ஒரு பலகையில் முதல் வெட்டுப் போட்டார். அப்படியே வந்து என்டர் பட்டனை ஆணி அறைகிற மாதிரி ஒரு குத்து. ஆறு ஃபேனும் ஒன்றாகக் கத்த, துள்ளிப் பின்னால் போனார். "கோவம் இன்னும் அடங்கல போலிருக்கேடா!"

குழு கூடுவதற்கு முந்தின நாள் கணக்கு முடிந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா கட்டம் இம்புட்டுப் பெரிசு?" என்று கேட்டாராம். இவள் ஒளிக்காமல் ஆயுத பூஜையைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்து ஓய்ந்து, "நாங்களும் சர்வருக்குப் பொட்டு வைப்போம். ஆனா வச்சுட்டு ஓட விட்டுருவோம்" என்றாராம். பதிவு தப்பியது; பொடிக்கட்ட முடிவை ஆய்வேட்டோடு கொடுத்தால் போதும்.

பேருந்து நிலையத்திலிருந்து போனில் அவள் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன்.

"பாத்தியா, பொட்டு வச்சது வீண் போகல!"

நான் மணிக்கொரு முறை சேமிக்கச் சொல்லும் அந்த ஒற்றை வரியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.